மிச்சமான பிரியாணியும் வாசலில் நிற்கும் நாயும்

வலீமா முடிந்த மண்டபத்தின் பின்வாசல், ஹஜ்ஜுப் பெருநாள் அன்று தெருமுனை, பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதை. நம் திருவண்ணாமலையில் இந்த மூன்று இடங்களிலும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். மனிதர்கள் மிச்சம் வைத்ததை நாய்கள் கூட்டமாக நின்று தின்றுகொண்டிருக்கும். கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரக்கத்தோடுதான் கொட்டுகிறார்கள். "வாயில்லா ஜீவன், பசியாறட்டும்" என்பதே அவர்கள் நிய்யத்.

நிய்யத் நல்லதாக இருந்தாலும், கொடுக்கிற பொருள் அந்த உயிருக்குத் தீங்காக இருக்கக் கூடாது. தோட்டத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் கடைக்கும் காவலாக நாய் வளர்க்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. காவலுக்கும் மந்தைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. வளர்க்காதவர்கள் வாசலிலும் தெருநாய் வந்து நிற்கத்தான் செய்கிறது. இதற்கிடையே கால்நடை மருந்துக் கடைகளில் "என்சைம் பவுடர்", "ஆன்டிஆக்சிடன்ட் டானிக்" என்று புதிது புதிதாக விற்கிறார்கள். இவை என்ன, நாய்க்கு இவை தேவையா, நாம் போடும் சோறு அதன் உடம்பில் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். நாய்க்குத் தேவையான செரிமான என்சைம்களை அல்லாஹ் அதன் உடம்பிலேயே வைத்திருக்கிறான். ஆன்டிஆக்சிடன்டில் பெரும்பகுதியையும் அதன் உடம்பே செய்துகொள்கிறது. காசு கொடுத்து டப்பா வாங்குவதைவிட, அந்த ஏற்பாட்டை நம் மிச்சச் சோற்றால் கெடுக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

என்சைம் என்றால் என்ன?

நம் பண்டாரிகளுக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம். கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஊற வைப்பார்கள். சிறிது நேரத்தில் கறி பஞ்சாகிவிடும். பப்பாளிப் பாலில் பப்பைன் என்ற என்சைம் இருக்கிறது. அது இறைச்சியின் புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. தமிழ்ப் பாடப்புத்தகங்களில் என்சைமை நொதி என்பார்கள். அளவில் கொஞ்சமாக இருந்தாலும் பெரிய வேலையை வேகமாக முடிக்கும் புரதம் அது. தேக்சாவில் கொதி ஏறியதும் அதன் வேலை நின்றுவிடும். என்சைம்களுக்குக் கொதிநிலைச் சூடு ஆகாது.

இதே வெட்டும் வேலைதான் வயிற்றிலும் நடக்கிறது. நாயின் இரைப்பையில் பெப்சின் புரதத்தை உடைக்கத் தொடங்குகிறது. அடுத்துச் சிறுகுடலுக்குள் கணையம் மூன்று வகை என்சைம்களை அனுப்புகிறது. அமைலேஸ் சோற்றின் மாவுச்சத்தை உடைக்கும். லைபேஸ் கொழுப்பை உடைக்கும். ட்ரிப்சின் புரதத்தை உடைக்கும். நமக்கு வாயில் ஊறும் எச்சிலிலேயே அமைலேஸ் உண்டு. நாயின் எச்சிலில் அது ஏறக்குறைய இல்லை. நாய் பெரும்பாலும் மெல்லாமல் விழுங்குகிறது. அதன் செரிமானம் வயிற்றில்தான் தொடங்குகிறது.

நாய்க்குச் சோறு ஆகுமா?

"நாய் ஓநாய் இனம், அதற்குக் கறி மட்டும்தான் போட வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணையத்தில் அமைலேஸ் உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் இருந்தன. நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. மனிதனோடு ஒட்டி வாழ்ந்து, அவன் வயலில் விளைந்த தானியத்தைத் தின்று பழகியதில் வந்த மாற்றம் இது.

ஆகவே வெந்த சோறும் கேழ்வரகுக் கூழும் நம்மூர் நாய்க்கு ஆகும். நன்றாகக் குழைய வேக வைத்தால் இன்னும் எளிதாகச் செரிக்கும். சோறு மட்டுமே போதாது என்பது வேறு விஷயம். புரதமும் கொழுப்பும் சேர வேண்டும்.

பால் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. பாலின் சர்க்கரையான லாக்டோஸை உடைக்க லாக்டேஸ் என்ற என்சைம் வேண்டும். குட்டியாக இருக்கும்போது அது நிறைய சுரக்கும். வளர வளரக் குறைந்துவிடும். அதனால்தான் கிண்ணம் நிறையப் பால் குடித்த பெரிய நாய்க்கு வயிற்றுப்போக்கு வருகிறது. தயிரிலும் மோரிலும் லாக்டோஸ் குறைவு. உப்புப் போடாத மோர்ச்சோறு பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

ஆன்டிஆக்சிடன்ட் என்ன செய்கிறது?

வாழைக்காயையோ ஆப்பிளையோ நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் வேலை செய்கிறது. அதில் எலுமிச்சைச் சாறு தடவினால் கறுப்பது குறையும். சாற்றின் புளிப்பும் அதிலுள்ள வைட்டமின் சி-யும் அதைத் தடுக்கின்றன. இப்படி ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர்.

மூச்சு விடும் எந்த உயிரின் உடம்பிலும் இந்தச் சேதம் நடந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் காவலும் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காவலாளிகளில் முக்கியமானவர்களும் என்சைம்கள்தான். சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகிய மூன்றும் பெரிய பெயர்கள். நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: இவற்றில் சில வேலை செய்ய உணவிலிருந்து துத்தநாகம், செம்பு, செலினியம் போன்ற தாதுக்கள் சிறிதளவு வர வேண்டும். முட்டை, மீன், ஈரல், இறைச்சி ஆகியவற்றில் அவை கிடைக்கும்.

வைட்டமின் சி-யை மனித உடம்பால் தயாரிக்க முடியாது. அதனால் நமக்கு நெல்லிக்காயும் எலுமிச்சையும் வேண்டும். நாயோ தன் ஈரலிலேயே குளுக்கோஸிலிருந்து அதைச் செய்துகொள்கிறது. ஆரோக்கியமான நாய்க்கு வைட்டமின் சி மாத்திரை தேவையில்லை. வைட்டமின் ஈ மட்டும் உணவிலிருந்துதான் வர வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவிலும் கெடாத சமையல் எண்ணெயிலும் அது உண்டு.

"கெடாத" என்ற சொல்லைக் கவனியுங்கள். சிக்கு வாடை அடித்த கொழுப்பும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய பஜ்ஜி எண்ணெயும் ஏற்கெனவே ஆக்சிஜனால் கெட்டுப்போனவை. அவை உடம்புக்குள் போனால் இருக்கும் வைட்டமின் ஈ-யையும் செலவழித்துவிடும். மூட்டையைத் திறந்து வைத்து லூஸில் விற்கும் நாய் உணவிலும் இதே ஆபத்து உண்டு. நம்மூர் கோடை வெயிலில் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடித்துவிடும். வாங்குவதானால் சிறிய பாக்கெட்டாக வாங்கி, மூடி போட்ட டின்னில் நிழலில் வையுங்கள்.

வெங்காயமும் பூண்டும் ஏன் ஆபத்து?

பிரியாணி நாய்க்கு ஆகாது என்பதற்கு முதல் காரணம் காரமோ உப்போ அல்ல. அதில் கரைந்து கிடக்கும் வெங்காயமும் பூண்டும்தான்.

வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தத்துக்குள் போனதும் சிவப்பணுக்களை ஆக்சிகரணத்தால் தாக்குகின்றன. மேலே சொன்ன காவல் என்சைம்களில் ஒன்றான கேட்டலேஸ் நாயின் சிவப்பணுக்களில் மிகக் குறைவு. எனவே நமக்கு உணவாக இருக்கும் வெங்காயம் அதற்கு நஞ்சாகிறது. ஹீமோகுளோபின் கெட்டுச் சிறு கட்டிகளாகச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கெட்ட அணுக்களை உடம்பு அழிக்கத் தொடங்கும். நாய்க்கு இரத்தசோகை வரும்.

ஒரே வேளையில் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் தின்றால் பாதிப்பு வரலாம் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு அது 75 கிராம். நடுத்தர வெங்காயம் ஒன்று அவ்வளவு இருக்கும். பூண்டு எடைக்கு எடை வெங்காயத்தைவிடக் கடுமையானது. வேக வைத்தாலும் வறுத்தாலும் அரைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். குருமா, சால்னா, தாளிச்சா எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

தின்ற அன்றே தெரியாது என்பதுதான் இதில் சங்கடம். சில நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுத்திருக்கும். மூச்சு வேகமாக வாங்கும். சிறுநீர் சிவந்தோ பழுப்பாகவோ போகும். வலீமா நடந்தது ஒரு நாள், நாய் விழுந்தது வேறொரு நாள் என்பதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இதே வழியில் தாக்கும் இன்னொரு பொருள் பாராசிட்டமால். நாய்க்குக் காய்ச்சல் என்று நம் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அது ஈரலையும் சிவப்பணுவையும் சேர்த்துக் கெடுக்கும்.

கிரிவலப் பாதையில்

இந்த ஊர் நாய்களோடு பழகிய ஊர்தான். ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதியே இருக்கிறது. அடிபட்ட, நோயுற்ற நாய்களைப் பராமரிக்கும் அருணாச்சலா விலங்குகள் காப்பகமும் இங்கே செயல்படுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் நாய்களுக்கு பிஸ்கட்டும் அன்னதானச் சோறும் போடுகிறார்கள். அந்தப் பாதையில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் மீதமானதைக் கொட்டும்போது ஒன்றைக் கவனத்தில் வைக்கலாம்.

திராட்சையும் உலர் திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரிந்தது. காரணம் அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று சமீப ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் மிகுந்த இன்னொரு பொருள் நம் புளி. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததையும் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே புளிச்சோற்றையும் கிஸ்மிஸ் போட்ட ஜர்தாவையும் நாய்க்கு வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. கிரீம் பிஸ்கட்டும் சாக்லேட்டும் வேண்டாம். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைத் தாக்கும்.

கொழுப்பும் கணையமும்

கறி நறுக்கும்போது ஒதுக்கும் கொழுப்பை மொத்தமாக நாய்க்குப் போடுவது நம் வழக்கம். ஒரே வேளையில் அளவுக்கு மீறிய கொழுப்பு போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கும். குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய என்சைம்கள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, கணையத்தையே செரிக்கத் தொடங்கும். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். வயிற்று வலியில் முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். அப்படிக் கண்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. கணையம் சுருங்கி என்சைமே சுரக்காமல் போவது. அல்சேஷன் என்று நாம் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களில் இது அதிகம். நாய் வயிறு நிறையத் தின்னும், ஆனாலும் எலும்பும் தோலுமாக இளைக்கும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு நிறையப் போகும். என்சைம் பவுடர் உண்மையிலேயே மருந்தாக இருப்பது இந்த நோய்க்குத்தான். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வேளை உணவிலும் கலந்து கொடுக்க வேண்டியிருக்கும். இரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியாகாமல், நாய் கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்பதற்காக அந்த டப்பாவை வாங்குவது வீண் செலவு.

நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இதில் இருக்கிறது. இந்த பவுடர் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது எதிலிருந்து தயாரானது என்று தயங்காமல் கேளுங்கள். மாட்டுக் கணையத்தைப் பச்சையாக நறுக்கி உணவில் கலந்து கொடுப்பது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட மாற்று வழி. வேக வைத்தால் என்சைம் அழிந்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் அழியாது. அளவை மருத்துவர் சொல்வார். பவுடரைத்தான் கையாள வேண்டும் என்ற நிலை வந்தால், மார்க்கச் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதான நாய்க்கு

ஆன்டிஆக்சிடன்டால் நாய்க்குப் பயன் உண்டு என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது. கனடா, அமெரிக்க ஆய்வாளர்கள் வயதான பீகிள் நாய்களுக்கு வைட்டமின் ஈ, சி முதலியன சேர்த்த உணவை 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. சாதாரண உணவு தின்ற நாய்களைவிட அவை புதியதை நன்றாகக் கற்றுக்கொண்டன. அந்த உணவோடு நடைப்பயிற்சி, விளையாட்டு, துணை நாய் எல்லாம் கிடைத்த கூட்டம்தான் எல்லாவற்றிலும் முந்தியது. பத்து வருஷம் தோட்டத்தைக் காத்த நாயைக் கிழடாகிவிட்டது என்று சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு டானிக் மட்டும் ஊற்றினால் பலன் குறைவுதான்.

குர்பானி அன்று

ஈரல், நுரையீரல் போன்றவற்றில் சில சமயம் நீர் கோத்த கட்டிகள் இருக்கும். அவற்றுள் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கலாம். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மண்ணில் கலந்து, கழுவாத கீரை வழியாகவும் பிள்ளைகளின் கை வழியாகவும் மனிதருக்கு வரும். நம் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். வெளியே தெரியப் பல வருஷம் ஆகும். அறுவை சிகிச்சை வரை போகும் நோய் இது.

எனவே கட்டி உள்ள உறுப்புகளை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். நல்ல உறுப்புகளை நாய்க்குக் கொடுப்பதானால் அரை மணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுங்கள். ஈரலை அளவோடு போடுங்கள். தினமும் நிறையப் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பைக் கெடுக்கும். வேக வைத்த எலும்பு, முக்கியமாகக் கோழி எலும்பு, ஊசி போல் உடைந்து குடலைக் கிழிக்கும். அது வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் என்ன கொடுப்பது?

மிச்சமான பிரியாணி முதலில் மனிதருக்கே போக வேண்டும். மண்டபத்துக்குப் பக்கத்தில் பசித்த வீடு இல்லாத ஊர் கிடையாது. நாய்க்கு என்று தனியாகச் செய்வது பெரிய வேலை அல்ல. மசாலா சேர்க்கும் முன் ஒதுக்கும் கறித்துண்டுகளையும் சவ்வையும், கொழுப்பைக் குறைத்து, ஒரு சட்டியில் வெறும் தண்ணீரில் வேக வைக்கும்படி பண்டாரியிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். அதில் ஒரு பிடி வெறும் சோறு. தீர்ந்தது.

வீட்டில் வளர்க்கும் நாய்க்குக் குழைந்த சோறு அல்லது கூழ், உப்பில்லாமல் வேக வைத்த கறியோ மீனோ முட்டையோ, அவித்த பரங்கிக்காயோ கேரட்டோ போதும். பரங்கியிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டின் ஓர் ஆன்டிஆக்சிடன்ட். மீனில் முள் இருக்கக் கூடாது. வீட்டுச் சோற்றில் சுண்ணாம்புச் சத்து குறையும். குட்டிக்கும் சினை நாய்க்கும் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். டானிக்குக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் முதலில் போட்டுவிடுங்கள். அது நாய்க்கும் பாதுகாப்பு, தெருப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

சோறு வைக்கத் தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டால் தூய்மை பற்றிய குழப்பம் வராது. வாழை இலையோ மந்தார இலையோ போதும். பாலிதீன் பையோடு எறிந்தால் பையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

கடைசியாகத் தண்ணீர். எந்த என்சைமும் தண்ணீர் இல்லாமல் வேலை செய்யாது. தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஈரமுள்ள ஈரல் படைத்த எந்த உயிருக்குச் செய்த உதவிக்கும் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது விளக்கினார்கள். சித்திரை வெயிலில் வாசல் ஓரம் நிழலில் ஒரு மண் தொட்டி வையுங்கள். கொசு முட்டையிடாதபடி தினமும் காலையில் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.